கழற்றாத தொப்பி

என் தங்கை மகள் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கிறாள். போன மாதம் போனில் பேசும்போது, "மாமா, லீவுக்கு வரும்போது உங்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு வரட்டும்?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம்மா, லித்தேய்னி சாலையில் 4ஆம் எண் கட்டடம் இருக்கும், அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, போதும் என்றேன். ரெண்டு நாள் கழித்துப் படம் வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அவசரமாக எடுத்தது, பாதிக் கட்டடத்தை ஒரு பஸ் மறைத்துக்கொண்டிருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "என்ன மாமா, என்னை மாட்டிவிடப் பார்த்தீர்களே! அது உளவுத்துறை ஆபீஸாம். கூட வந்த பெண் பதறிப்போய்விட்டாள்."

திட்டு நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கட்டடம் இல்லை. அதற்கு முன்னால் அதே இடத்தில் இருந்த கோர்ட்.

நான் கோர்ட்டில் 31 வருடம் வேலை பார்த்தவன். கடைசி 12 வருடம் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். கட்டுகளை எடுத்துக் கொடுப்பது, சான்றாவணங்களுக்கு எண் போடுவது, வாய்தா தேதி குறிப்பது என்று காலம் போனது. 'விடுதலை' என்ற வார்த்தையைப் பதிவேட்டில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. தமிழில் அந்த ஒரே வார்த்தையைத்தான் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வருகிறவனுக்கும் சொல்கிறோம், குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிப் போகிறவனுக்கும் சொல்கிறோம். 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு இந்த ஒற்றுமை என்னை விட மாட்டேன் என்கிறது. இரண்டாம் அலெக்சாந்தர் என்ற ஜார் முதல் வகை விடுதலையைத் தன் கையெழுத்தால் கொடுத்தார். இரண்டாவது வகையைக் கொடுக்கும் அதிகாரத்தை 12 சாதாரண ஆட்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதை ஒருநாள் உண்மையாகவே பயன்படுத்தியபோது அவரால் தாங்க முடியவில்லை.

முதல் விடுதலையின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1856இல் மாஸ்கோ பிரபுக்களைக் கூட்டிவைத்து, பண்ணையடிமை முறை கீழேயிருந்து தானாக ஒழியும்வரை காத்திருப்பதைவிட மேலேயிருந்து நாமே ஒழிப்பது நல்லது என்றார் ஜார். 1861 பிப்ரவரி 19இல் கையெழுத்துப் போட்டார். (தேதிகளையெல்லாம் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி சொல்கிறேன், நம் கணக்குக்கு 12 நாள் கூட்டிக்கொள்ளுங்கள், 1917க்கு மட்டும் 13.) தனியார் பண்ணைகளில் இருந்த 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் சட்டப்படி சுதந்திர மனிதர்கள் ஆனார்கள். ஆனால் அவர்கள் உழுதுகொண்டிருந்த நிலம் இனாமாக வரவில்லை. நிலத்தின் விலையில் 80 சதவீதத்தை அரசு பண்ணையாருக்கு முன்பணமாகக் கொடுத்துவிடும். அதை விவசாயி 49 வருடத் தவணையில், ஆண்டுக்கு 6 சதவீதமாக அரசுக்குக் கட்ட வேண்டும். ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 100 ரூபிளுக்கு வருடம் 6 ரூபிள், 49 வருடம், ஆக 294. தாத்தா வாங்கிய விடுதலைக்குப் பேரன் தவணை கட்ட வேண்டும். நல்ல நிலத்தைப் பண்ணையார் வெட்டி எடுத்துக்கொண்டதும், மேய்ச்சலும் காடும் கைவிட்டுப் போனதும் தனிக் கதை.

அந்தச் சட்டத்தை ஜனங்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். கஸான் மாகாணத்தில் பெஸ்த்னா என்று ஒரு கிராமம். அதலபாதாளம் என்று அர்த்தம், ஊருக்கு அப்படி ஒரு பெயர். அங்கே கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அந்தோன் பெத்ரோவ். அச்சடித்து வந்த சட்டப் புத்தகத்தை நாள் கணக்கில் புரட்டியிருக்கிறார். முழு விடுதலை இதில் எங்கேயோ இருக்க வேண்டும், அதிகாரிகள் மறைக்கிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. மாதிரிப் படிவம் ஒன்றில் நிரப்பாமல் விட்ட இடத்தில் இருந்த பூஜ்ஜியங்களைக் கண்டுபிடித்து, இதுதான் உண்மையான விடுதலையின் குறி என்று அறிவித்துவிட்டார். சுற்றுவட்டாரமே திரண்டு வந்தது. 1861 ஏப்ரலில் ராணுவம் வந்து சுட்டது. ஐம்பதுக்கும் மேல் செத்தார்கள். பெத்ரோவையும் சுட்டுக் கொன்றார்கள். படிவத்தைத் தப்பாகப் படித்து அலைகிற ஆட்களை என் மேஜைக்கு முன்னால் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பூஜ்ஜியங்களை நினைத்தால் சிரிக்க வரவில்லை.

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன்.

1864க்கு முன் ரஷ்யக் கோர்ட்டில் விசாரணை என்றால் மூடிய அறையில் காகிதத்தோடு காகிதம் பேசுவது. பிரபுவுக்கு ஒரு கோர்ட், வணிகருக்கு ஒரு கோர்ட். நீதிபதி பல நேரம் குற்றவாளியைப் பார்ப்பதே இல்லை. கிளார்க் எழுதிக் கொண்டுவரும் சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்து. (அப்படிப்பட்ட இடத்தில் கிளார்க்கின் வருமானம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) குற்றவாளி, குற்றவாளி இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு தீர்ப்பும் இருந்தது: 'சந்தேகத்தில் விடப்பட்டார்'. ஆயுள் முழுக்க அந்தச் சந்தேகத்தோடு அலைய வேண்டியதுதான்.

1864 நவம்பர் 20இல் வந்த சட்டம் இதையெல்லாம் துடைத்துப் போட்டது. திறந்த கோர்ட், வாய்மொழி வாதம், வக்கீல் சங்கம், எல்லா வகுப்புக்கும் ஒரே கோர்ட், 12 பேர் ஜூரி. எல்லாவற்றுக்கும் மேல், நீதிபதியை மேலிடம் நினைத்தபோது தூக்க முடியாது. ஜாருக்கு மேல் எதுவும் இல்லை என்பது அந்த நாட்டின் அடிப்படை. ஜார் உட்பட யாரும் நீதிபதியைத் தொட முடியாது என்பது புதுச் சட்டத்தின் அடிப்படை. ஓர் உறையில் ரெண்டு கத்தி.

அந்த உரசல் சத்தம் ஊருக்கெல்லாம் கேட்டது ஒரு தொப்பியால்.

1877 ஜூலை 13. லித்தேய்னி கோர்ட்டை ஒட்டி, ஷ்பாலெர்னயா தெருவில் விசாரணைக் கைதிகளுக்கான சிறை. பீட்டர்ஸ்பர்க் நகர அதிபரும் போலீஸ் தலைவருமான ஜெனரல் திரேப்போவ் பார்வையிட வருகிறார். முற்றத்தில் கைதிகள் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பகல்யூபவ் என்ற இளைஞர். பீட்டர்ஸ்பர்க்கிலேயே உள்ள கஸான் தேவாலயத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்துக்காகப் பிடிபட்டு 15 வருடக் கடுந்தண்டனை பெற்றவர். முதல் தடவை எதிர்ப்பட்டபோது தொப்பியைக் கழற்றினார். ஒரு சுற்று சுற்றி மறுபடி எதிர்ப்பட்டபோது கழற்றவில்லை. ஒருமுறை வணக்கம் சொன்னது போதாதா என்று நினைத்திருக்கலாம். திரேப்போவ் கத்திக்கொண்டே கையை ஓங்கித் தொப்பியைத் தட்டிவிடப் போனார். ஜன்னல்களில் நின்ற கைதிகள் அடித்துவிட்டார் என்று நினைத்துக் கூச்சல் போட, சிறையே கலவரமானது. 25 பிரம்படி என்று உத்தரவிட்டார் திரேப்போவ். நீதி அமைச்சர் பாலென் பிரபு சம்மதம் சொன்னார். பிரம்படியைப் பெரும்பாலும் ஒழித்து ஜார் சட்டம் போட்டு 14 வருடம் ஆகியிருந்தது. 1863 ஏப்ரல் 17, ஜாருடைய பிறந்தநாளன்று போட்ட சட்டம். பகல்யூபவுக்குப் பின்னாளில் புத்தி பேதலித்துப் போனது.

நான் சேர்ந்த புதிதில், தோளில் துண்டோடு கூண்டேறிய ஒரு பெரியவரைப் பார்த்து எங்கள் டவாலி கண்ணாலேயே சைகை காட்டுவார். துண்டு இடுப்புக்கு இறங்கும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை அது. அந்தச் சிறை முற்றத்துக் காட்சியை நான் எந்த அகராதியும் இல்லாமல் புரிந்துகொண்டது அதனால்தான்.

பகல்யூபவை முன்பின் பார்த்தறியாத ஒரு பெண் இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தாள். வேரா ஸசூலிச். 1849இல் ஸ்மலேன்ஸ்க் பக்கம் நொடித்துப்போன பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் அவர் பார்த்த முதல் வேலை என்ன தெரியுமா? செர்ப்புகவ் என்ற ஊரில் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் கிளார்க். 1864 சட்டம் உண்டாக்கிய புத்தம்புதுக் கோர்ட்டுகளில் ஒன்றில்! இந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்ம ஆள் என்று ஒரு பாசம் வந்துவிட்டது. பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் புத்தக பைண்டிங் வேலை, நெச்சாயெவ் என்ற புரட்சிக்காரனின் பழக்கம், அதனால் 1869இல் கைது, ரெண்டு வருடம் சிறை, அதற்கப்புறம் ஊர் ஊராக நாடுகடத்தல்.

பிரம்படிக்கு யாராவது கேள்வி கேட்பார்கள் என்று வேரா மாதக்கணக்கில் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. 1878 ஜனவரி 24 காலை, திரேப்போவ் மனு வாங்கும் நேரத்தில் வரிசையில் போய் நின்றார். நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும் என்று மனு. திரேப்போவ் மனுவில் குறித்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பும்போது, சால்வைக்குள்ளிருந்த ரிவால்வரால் சுட்டார். சுட்ட உடனே ரிவால்வரைக் கீழே போட்டுவிட்டு நின்றார். ஓடவில்லை. திரேப்போவ் பிழைத்துக்கொண்டார்.

அதே ஜனவரி 24இல்தான் பீட்டர்ஸ்பர்க் மாவட்டக் கோர்ட்டின் தலைவராக அனத்தோலி கோனி பொறுப்பேற்றார். வயது 34கூட நிறையவில்லை. முதல் நாளே இந்தச் செய்தி. வேண்டாத நட்சத்திரத்தில் சார்ஜ் எடுத்திருக்கிறார், பாவம்.

பாலென் இந்த வழக்கில் அரசியலே இல்லை, சாதாரணக் கொலை முயற்சி என்று சொல்லி ஜூரிக்கே அனுப்பினார். குற்றம் கண்ணெதிரே நடந்தது, அவளே ஒத்துக்கொள்கிறாள், தண்டனை கையில் என்ற தைரியம். ஆனாலும் உள்ளூரப் பயம். குற்றவாளி என்றே தீர்ப்பு வரும் என உத்தரவாதம் கொடுக்க முடியுமா என்று கோனியைக் கேட்டார். முடியாது என்றார் கோனி. அப்படியென்றால் விசாரணையில் ஏதாவது நடைமுறைப் பிழையாவது செய்து வையுங்கள், மேல்முறையீட்டில் உடைக்க வசதியாக இருக்கும் என்றார் அமைச்சர். அதுவும் முடியாது. கோனியே எழுதி வைத்துவிட்டுப் போனது இது.

அரசுத் தரப்பில் வாதாட ஆள் கிடைக்கவில்லை என்பது இன்னும் சுவாரசியம். ஷுக்கோவ்ஸ்கி என்ற அரசு வக்கீல் மறுத்துவிட்டார். அந்திரெயேவ்ஸ்கி, திரேப்போவ் செய்ததும் தப்பு என்று என் வாதத்தில் சொல்லலாமா என்று கேட்டார். கூடாது என்றதும் அவரும் ஒதுங்கிவிட்டார். பிறகு ரெண்டு பேருமே பதவியை விட்டு வெளியே வந்து பேர்பெற்ற வக்கீல்கள் ஆனார்கள். கடைசியில் கெஸல் என்பவர் தலையில் விழுந்தது.

மார்ச் 31, காலை. சுட்ட நாளிலிருந்து 66ஆவது நாள். (வாய்தாவிலேயே வாழ்க்கை ஓட்டும் என் வக்கீல் நண்பர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்.) அரங்கில் முதிய வெளியுறவு அமைச்சர் கர்ச்சகோவ் உட்கார்ந்திருக்கிறார். பத்திரிகையாளர்கள் பக்கம் தஸ்தயெவ்ஸ்கி. ஜூரியைப் பொறுக்கும்போது ஆட்களை நீக்கும் உரிமையைக் கெஸல் பயன்படுத்தவே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அலெக்சாந்த்ரோவ் 11 பேரை நீக்கினார். அவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள். கடை வைத்திருப்பவன் போலீஸ் தலைவரைப் பகைத்துக்கொள்ள மாட்டான் என்ற கணக்கு. மிச்சமிருந்தவர்களில் பெரும்பகுதி நடுத்தர அரசு உத்தியோகஸ்தர்கள். மேலதிகாரி கத்தும்போது வாய் மூடி நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள்.

திரேப்போவ் உடல்நலம் சரியில்லை என்று வரவில்லை. ஜன்னலிலிருந்து பிரம்படி நாளைப் பார்த்தவர்களைச் சாட்சிகளாக அழைத்தார் அலெக்சாந்த்ரோவ். அவ்வளவுதான், வழக்கு தலைகீழாகிவிட்டது. ரிவால்வரைப் பற்றி யாரும் பேசவில்லை, பிரம்பைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். கூண்டில் வேரா, ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் திரேப்போவ்.

கோனி ஜூரியிடம் விட்ட முதல் கேள்வியைத் தொழில்முறைக் கண்ணோடு பலமுறை படித்தேன். பகல்யூபவின் தண்டனைக்குப் பழிவாங்க முடிவு செய்து, அதற்காக ரிவால்வர் வாங்கி, முன்யோசனையோடு திரேப்போவைக் காயப்படுத்திய குற்றத்துக்கு உரியவரா வேரா ஸசூலிச்? கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதெல்லாம் அடுத்தடுத்த கேள்விகள். 'செய்தாரா' என்று கேட்கவில்லை, 'குற்றவாளியா' என்று கேட்டது அந்தச் சட்டம். செய்ததை வேராவே ஒப்புக்கொண்டாயிற்று. குற்றமா என்பதைத்தான் 12 பேர் உள்ளே போய் யோசித்தார்கள்.

சீக்கிரமே திரும்பி வந்தார்கள். ஜூரித் தலைவர் காகிதத்தைப் பிரித்து, இல்லை, குற்றவாளி அல்ல என்று படிக்க ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்க விடவில்லை கூட்டம். கைதட்டல், அழுகை, கத்தல். அரசாங்கத்தின் பெரிய மனிதர்களே கைதட்டிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் ஜூரியில் இருந்திருந்தால்? இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். 31 வருடம் ஆவணத்தோடு வாழ்ந்த மூளை சொல்கிறது: ஆயுதம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, ஒப்புதல் இருக்கிறது, இதை விட்டால் நாளைக்கு எவன் வேண்டுமானாலும் மனுவோடு ரிவால்வர் கொண்டு வருவான். வந்தார்கள் என்பதும் உண்மை. அதே வருடம் ஆகஸ்டில் உளவுப்படைத் தலைவர் மெசென்த்சவைப் பட்டப்பகலில் குத்திக் கொன்றார்கள். ஆனால் 25 பிரம்படிக்கு அந்த நாட்டில் வேறெந்தக் கோர்ட்டிலும் வழக்கு எண் விழுந்திருக்காது. அதுவும் உண்மை. விடுதலைக்கு நான் கைதூக்கியிருக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

விடுதலையான வேராவை மறுபடி பிடிக்க அன்று ராத்திரியே உத்தரவு. சிறையிலிருந்து வெளியே வந்த அவரைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கும் போலீசுக்கும் தள்ளுமுள்ளு, துப்பாக்கிச் சத்தம், ஒரு மாணவர் பிணமாகக் கிடந்தார். அந்தக் களேபரத்தில் வேரா மறைந்து, சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். பாலெனின் அமைச்சர் பதவி போனது. கோனியைச் சட்டப்படி நீக்க முடியவில்லை, ராஜினாமா செய் என்று நெருக்கினார்கள். அவர் செய்யவில்லை. தான் போனால் நீதிபதியைத் தொட முடியாது என்ற விதியும் தன்னோடு போய்விடும் என்பது அவர் நிலை.

மே 9இல் புதுச் சட்டம் வந்தது. அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகள் இனி ஜூரிக்குப் போகாது. தீர்ப்புக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவில் 39 நாள். விவசாயிக்கு 49 வருடத் தவணை போட்ட அரசாங்கம் ஜூரியின் கையை வெட்ட எடுத்துக்கொண்டது 39 நாள். ஆகஸ்டில் ராணுவக் கோர்ட் வந்தது. இதற்கு முன்பே, வேரா சுடுவதற்கு முந்தின நாள் முடிந்த '193 பேர் வழக்கில்' 90 பேரை விடுவித்தது சிறப்புக் கோர்ட். அவர்களில் 80 பேரை ஜார் வெறும் நிர்வாக உத்தரவிலேயே நாடுகடத்தினார். கோர்ட்டில் விடுதலை, வாசலில் கைது. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 1879இல் 'மக்கள் விருப்பம்' என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கி ஜாருக்கே மரண தண்டனை எழுதினார்கள். அவர்களுடையதும் மூடிய அறைத் தீர்ப்புதான். அதை மறைக்க எனக்கு மனமில்லை.

1881 மார்ச் 1 காலை, மாகாண மன்றங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களையும் சட்ட ஆலோசனையில் சேர்க்கலாம் என்ற உள்துறை அமைச்சர் லோரிஸ் மெலிகவின் திட்டத்துக்கு ஜார் சம்மதம் கொடுத்தார். 4ஆம் தேதி அமைச்சர்கள் கூட்டம் என்று குறித்தார். மதியம் கால்வாய்க் கரையில் ரெண்டு குண்டு. முதல் குண்டுக்குத் தப்பி, வண்டியை விட்டு இறங்கி நின்றவரை ரெண்டாவது கொன்றது. கொன்றவர்களை ஜூரியில்லாத சிறப்புக் கோர்ட் விசாரித்தது. ஏப்ரல் 3இல் ஐந்து பேருக்குத் தூக்கு. மகன் மூன்றாம் அலெக்சாந்தர் அந்தத் திட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

குண்டு வெடிப்பதற்குச் சில நாள் முன்புதான் ஜெனீவாவிலிருந்த வேராவுக்கு லண்டனிலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டிருந்தது. ரஷ்யாவின் கிராமச் சமுதாயம் அழிந்துதான் தீர வேண்டுமா, இல்லை அதிலிருந்தே புதுச் சமூகம் கட்ட முடியுமா என்று அவர் கார்ல் மார்க்சைக் கேட்டிருந்தார். 294 ரூபிள் கட்டிக்கொண்டிருந்த அந்த விவசாயிகளைப் பற்றிய கேள்விதான். மார்க்ஸ் வரைவு மேல் வரைவாக நான்கு எழுதிவிட்டு, கடைசியில் அனுப்பியது ஒரு சின்னக் கடிதம். ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். துப்பாக்கியால் பெயர் வாங்கிய வேரா பிற்பாடு தனிநபர் பயங்கரவாதத்தை எதிர்த்து எழுதினார், மார்க்சியத்துக்குப் போனார், லெனினோடு பத்திரிகை நடத்தி அவரோடு பிணங்கினார். 1917 அக்டோபர் புரட்சியை அவர் ஏற்கவில்லை. 1919இல் பெத்ரகிராதில் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) இறந்தார்.

லித்தேய்னி கோர்ட் அவருக்கு முன்பே போய்விட்டது. 1917 பிப்ரவரி 27இல், புரட்சியின்போது, ஜனங்கள் கொளுத்தினார்கள். கட்டுகள் எரிந்து சாம்பல் தெருவில் பறந்திருக்கும். பதிவேடு பராமரித்தவனுக்கு அதைக் கற்பனை செய்வது கஷ்டம். கோனி 1927 வரை இருந்தார். கால் ஊனமான பிறகும், ரெண்டு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வகுப்பெடுக்கப் போவாராம். அவர் போன பிறகு, எரிந்த கோர்ட் இருந்த மனையில் 1932இல் உளவுத்துறைக்குப் பெரிய கட்டடம் எழும்பியது. தங்கை மகள் படத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் தெரிவது அதுதான்.

நேற்று மறுபடி போன் செய்தாள். "வேறு ஏதாவது போட்டோ வேண்டுமா மாமா?" என்று குறும்பாகக் கேட்டாள். பக்கத்துத் தெரு ஷ்பாலெர்னயா பக்கம் போனால் போனை வெளியே எடுக்காதே என்றேன். பகல்யூபவ் தொப்பியோடு நடந்த அந்தச் சிறை இன்றும் சிறையாகத்தான் இருக்கிறது.